கடற்கரை மலிவானது எப்படி?

சென்ற மாதம், தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்களிடையே நாம் செய்ய வேண்டிய வேலைகள் குறித்த ஆங்கிலக் குறிப்பொன்று மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. பதினோரு பக்கம். உபரி மதிப்பு, ஒப்பந்த ஊழியம், ஆட்குறைப்பு என்று கைக்குப் பழகிய சொற்களே நிறைந்திருந்ததால் பத்துப் பக்கம் வரை வேலை தடையின்றி ஓடிற்று. பதினோராம் பக்கத்தில் ஒரு சொல் வழிமறித்தது: 'டிஜிட்டல் நோமேட்'. அலுவலகத்துக்குப் போகாமல், மடிக்கணினியைச் சுமந்துகொண்டு, வெப்பமண்டலத் தீவு ஒன்றின் கடற்கரைக் காபிக் கடையில் அமர்ந்து வேலை செய்பவர் என்பது பொருள். அகராதிப்படி 'நாடோடி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். கை வரவில்லை.

நாடோடி என்னும் சொல்லால் நாம் யாரைக் குறித்து வந்திருக்கிறோம்? ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கியவர்களை. ஊசியும் பாசியும் விற்றுத் திரிந்தவர்களை. கழுதை மேல் உப்பேற்றி ஊர் ஊராகப் போனவர்களை. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஓரிடத்தில் நிலையாகத் தங்காமையே குற்ற இயல்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டம் நாடு முழுவதும் நீங்குவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடல் கடந்து போன தமிழனையும் இச்சொல் விடவில்லை. மொரீஷியஸ் தீவுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக லட்சக்கணக்கான இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். அங்கே 1867-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்ட தொழிலாளிகூடப் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டின்றி வெளியே நடமாட முடியாது. சீட்டில்லாமல் அகப்பட்டவனை நாடோடி என்று குற்றஞ்சாட்டித்தான் சிறைக்கு அனுப்பினார்கள். அதே தீவு 2020-இல் வெளிநாட்டு மடிக்கணினி ஊழியர்களுக்கென்று தனி விசா ஒன்றைத் தொடங்கியது. ஓராண்டு தங்கலாம், கட்டணம் இல்லை. கூலிக்காரன் நடந்தால் சிறை, டாலர்க்காரன் நடந்தால் வரவேற்பு. ஒரே சொல்லை இருவருக்கும் நான் எப்படி எழுதுவது?

இந்தக் குழப்பத்தில் நான் இருந்த அதே வாரத்தில், மறைந்த நம் தோழர் ஒருவரின் மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். மென்பொருள் நிறுவனமொன்றில் ஏழாண்டு அனுபவம். கட்சிக் குடும்பத்துப் பிள்ளை. என்னை மாமா என்றே அழைப்பான்.

"மாமா, இங்கே ஓர் அறைக்குக் கொடுக்கிற வாடகையில் பாலித் தீவில் வயல் தெரிகிற அறை கிடைக்கிறது. அதே வேலை, அதே சம்பளம். நானும் நண்பர்கள் இருவரும் சில மாதங்கள் போய் இருக்கலாம் என்று பார்க்கிறோம். தவறா?"

"தவறொன்றும் இல்லை, தம்பி. அங்கே ஏன் அவ்வளவு மலிவு என்று பார்த்தாயா?"

"பணமதிப்புதான், மாமா."

பணமதிப்பு என்பது அந்தக் கேள்விக்கு விடையன்று. கேள்வியையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்வது. ஆனால் தொலைபேசியில் அவனுக்கு ஒழுங்காக விடை சொல்ல எனக்கு வரவில்லை. பேசுவதைவிட எழுதுவதே எனக்கு எளிது. ஆகவே இக்கட்டுரை.

பாலியின் தென்மேற்குக் கரையில் சாங்கு என்றோர் ஊர் இருக்கிறது. நெல்வயல்கள் கடல்வரை படிப்படியாக இறங்கிவந்த ஊர். இன்று உலகெங்குமுள்ள மடிக்கணினி ஊழியர்களின் தலைநகர்களுள் ஒன்று. தீவின் நடுவிலுள்ள உபுத் இன்னொன்று. காபிக் கடை, அதிவேக இணையம், யோகாசனக் கூடம், மாத வாடகைக்கு மாளிகை வீடு. இவர்களுக்கென்றே இந்தோனேசிய அரசு 2024-இல் தனி விசா ஏற்படுத்தியது. அதைப் பெற ஆண்டு வருமானம் 60,000 டாலர் இருக்க வேண்டும்; வேலை கொடுக்கும் நிறுவனம் இந்தோனேசியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். அன்றைய மாற்று விகிதத்தில் இது மாதத்துக்குச் சுமார் 8 கோடி இந்தோனேசிய ரூபியா. சாங்கு அமைந்துள்ள பாடுங் மாவட்டத்தில் அதே 2024-இல் குறைந்தபட்ச மாத ஊதியம் சுமார் 33 லட்சம் ரூபியா. மேசையில் அமர்ந்திருப்பவரின் குறைந்த அளவு வருமானம், மேசையைத் துடைப்பவரின் குறைந்த அளவு வருமானத்தைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டம் சொல்வது எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்பதை இந்தியத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பையனின் சம்பளம் அந்த 60,000 டாலரை எட்டாது. அது நம் பணத்தில் சுமார் 50 லட்சம் ரூபாய். எனவே அவன் சுற்றுலாப் பயணியாகத்தான் போக முடியும். முப்பது நாள், நீட்டித்தால் இன்னொரு முப்பது நாள். அதன்பின் வெளியேற வேண்டும். உலகத்தின் குடிமகன் என்று விளம்பரம் அழைக்கும் கூட்டத்துக்குள்ளும் வாயிற்காவலன் நிற்கிறான். அவன் சம்பளச் சீட்டையும் கடவுச்சீட்டின் நிறத்தையும் பார்க்கிறான். எதிர்த்திசையில் இப்பயணம் எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள். பாலியின் இளைஞர்கள் பலர் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களில் அறை துடைக்கவும் சமையற்கட்டில் பாத்திரம் கழுவவும் போகிறார்கள். முகவருக்குக் கட்டணம், மருத்துவச் சோதனை, மாதக்கணக்கில் கப்பலிலேயே வாசம். அவர்களும் கடலோரத்தில், வீட்டைவிட்டுத் தொலைவிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களை எந்த ஞாயிறு மலரும் டிஜிட்டல் நாடோடி என்று எழுதுவதில்லை.

சரி, மலிவு எங்கிருந்து வந்தது?

1960-இல் இந்தோனேசியா ஓர் அடிப்படை நிலச் சட்டத்தை இயற்றியது. அதனோடு பயிர்ப்பங்குச் சட்டமும் நில உச்சவரம்பும் வந்தன. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் ஒரு குடும்பம் 5 ஹெக்டேருக்கு மேல் நன்செய் வைத்திருக்கக் கூடாது; அறுவடையில் குத்தகை உழவனுக்கு நியாயமான பங்கு தர வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தது. நிலம் பழைய கைகளில் இருந்தது. இந்தியாவில் நாம் அறிந்த கதைதான். அங்கே இந்தோனேசிய கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் விவசாயிகள் முன்னணியும் சட்டத்தைத் தாங்களே நடைமுறைப்படுத்தப் புறப்பட்டன. 1963 முதல் 1965 வரை பாலியிலும் ஜாவாவிலும் உழவர்கள் வயலில் இறங்கினார்கள். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தில் நாற்று நட்டார்கள். கூடுதல் பங்கைக் கேட்டு அறுத்தார்கள்.

1965 அக்டோபருக்குப் பிறகு நிகழ்ந்ததை நம் தோழர்கள் அறிவார்கள். ஆனால் ஜாவாவைப் பற்றிப் பேசுமளவுக்குப் பாலியைப் பற்றி நாம் பேசியதில்லை. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ராபின்சன் பாலியின் இருண்ட பக்கத்தைப் பற்றி 1995-இல் ஒரு நூலே எழுதினார். அவர் தரும் மதிப்பீட்டின்படி அத்தீவில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து. பெரும்பாலும் 1965 டிசம்பர் முதல் சில மாதங்களுக்குள் அது நடந்து முடிந்தது. இராணுவம் திட்டமிட்டது, ஆயுதம் கொடுத்தது. உள்ளூர்க் குண்டர் படைகள் வெட்டின. இருபது பேரில் ஒருவர். ஒரு கிராமத்தில் சங்கக் கூட்டம் நடத்தத் தெரிந்தவர், உச்சவரம்புச் சட்டத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர், ஆசிரியர், குத்தகைத் தகராற்றில் பெயர் அடிபட்டவர் எல்லாரும் அந்த இருபதில் ஒருவருக்குள் அடங்கிவிடுவார்கள்.

கொலை ஓய்ந்த அதே 1966-ஆம் ஆண்டு நவம்பரில் சானூர் கடற்கரையில் பத்து மாடி விடுதி ஒன்று திறக்கப்பட்டது. ஜப்பான் தந்த போர் நட்ட ஈட்டுப் பணத்தில் சுகர்னோ காலத்தில் தொடங்கிய கட்டடம் அது. 1906 செப்டம்பரில் டச்சுப் படை வந்து இறங்கியதும் இதே சானூரில்தான். 1967 ஜனவரியில் சுகார்த்தோவின் ஆட்சி அந்நிய முதலீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1969-இல் விமான நிலையம் சர்வதேசப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1971-இல் உலக வங்கி ஆதரவில் பாலிக்கான சுற்றுலாப் பெருந்திட்டம் தயாரானது. இந்த ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் போதும். சுற்றுலாவுக்காகத்தான் அத்தனை பேரைக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அது வரலாற்றைச் சுருக்கிவிடும். ஆனால் நிலத்துக்குப் பேச, கூலிக்குப் பேச, 'இது எங்கள் வயல்' என்று எழுந்து நிற்க ஆள் இல்லாத தீவில்தான் அந்தத் திட்டம் விரிக்கப்பட்டது. அந்த மலிவில் இயற்கையின் கொடை எதுவும் இல்லை. சங்கம் அழிக்கப்பட்ட இடத்தில் கூலி எந்த அளவில் நிற்குமோ அந்த அளவில்தான் அது நிற்கிறது.

இதை அங்குள்ளவர்கள் மறந்துவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். தென்பசாரில் ஒரு குடும்பத்தார், கொல்லப்பட்டவர்களின் நினைவாகத் தம் வீட்டு வளாகத்திலேயே 2005-இல் 'தாமான் 65' என்னும் சிறு பூங்காவை அமைத்தார்கள். பேசுவதற்கு மட்டும் இன்னும் தடை. 2015-இல், படுகொலையின் ஐம்பதாம் ஆண்டில், உபுத் எழுத்தாளர் விழாவில் 1965 பற்றி ஏற்பாடு செய்யப்பட்டிருந்த அமர்வுகள் அதிகாரிகளின் நெருக்குதலால் கைவிடப்பட்டன. உலகின் எந்த மூலையோடும் நொடியில் பேசலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் ஊர் உபுத். அந்த ஊரைப் பற்றி அந்த ஊரில் பேச முடியவில்லை.

அந்த 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம் இன்றும் செல்லும் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. அதன்படி நிலத்தின் முழு உரிமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் வாங்க முடியாது. எனவே இருபத்தைந்து, முப்பது ஆண்டுக் குத்தகை. இல்லையேல் உள்ளூர்க்காரர் பெயரில் பினாமி. உழவன் தன் வயலை ஒரு தலைமுறைக்குக் குத்தகைக்கு விடுகிறான். கையில் ஒரு தொகை வருகிறது. வீடு ஓடு மாறுகிறது. மகனுக்கு மோட்டார் சைக்கிள். மகன் அதில் வாடகைச் சவாரி ஏற்றுகிறான், காபிக் கடையிலிருந்து மாளிகை வீட்டுக்கு. பக்கத்து வயலைக் கொடுக்க மறுத்தவனுக்கோ, சுற்றிலும் மனை விலை ஏறியதால் நிலவரி ஏறுகிறது. பாலியின் பாசனக் கூட்டமைப்புக்கு 'சுபாக்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை. யார் வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை உழவர்களே கூடி முடிவு செய்யும் ஏற்பாடு. யுனெஸ்கோ 2012-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாய்க்காலின் நடுவே ஒரு மாளிகை வீடு எழுந்தால் கீழ்மடை வயல்கள் எல்லாம் காய்கின்றன. காய்ந்த வயல் அடுத்த குத்தகைக்குத் தயாராகிறது. வயல் தெரியும் அறை என்று விற்கிறார்களே, அந்த வயல் அடுத்த அறை கட்டப்படும்வரைதான் தெரியும். 2025 செப்டம்பரில் பெருவெள்ளம் வந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின்தான், நன்செய் நிலத்தில் விடுதி கட்ட இனி அனுமதியில்லை என்று ஆளுநரே பேச வேண்டி வந்தது.

கொரோனா ஆண்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2020-இல் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. விடுதி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நூசா பெனிடா, லெம்போங்கான் தீவுகளில் பலர் மீண்டும் கடற்பாசி வளர்ப்புக்குத் திரும்பினார்கள். வயல் மிஞ்சியிருந்தவர்கள் வயலுக்குப் போனார்கள். சுற்றுலா கைவிட்டபோது சோறு போட்டது, சுற்றுலா விழுங்காமல் விட்டுவைத்த நிலமும் கடலுமே. அதே 2020 நவம்பரில் வந்த 'வேலைவாய்ப்பு உருவாக்க' கூட்டுச் சட்டம் ஒப்பந்த ஊழியத்துக்குக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. நம்முடைய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்கு அக்கம்பக்கத்து உறவு அது.

இப்போது மடிக்கணினியின் இந்தப் பக்கம் வருவோம்.

இக்குறிப்பு விவாதத்துக்கு வந்த கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் சொன்னார்: "இவர்கள் உழைப்பாளிகளா? டாலரில் சம்பளம் வாங்கிக் கடற்கரையில் காபி குடிக்கிற குட்டி முதலாளித்துவக் கும்பல். இவர்களிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்." அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆலை வாயிலில் அடிபட்டு வளர்ந்தவர். ஆனால் அவர் சொன்னது தவறு, அதிலும் வசதியான தவறு. எதிரே இருப்பவனுக்கு ஒரு முத்திரை குத்திவிட்டால் அவனிடம் போகும் வேலை மிச்சம். சங்கமே இல்லாத ஒரு துறையை இப்படித்தான் இருபது ஆண்டுகளாக நாம் முதலாளிகளின் கையில் விட்டுவைத்தோம்.

பையனின் நாளைக் கணக்குப் பார்த்தேன். அவனுடைய வாடிக்கையாளர் கலிபோர்னியாவில். கோடைக் காலத்தில் அங்கே காலை ஒன்பது மணி என்றால் பெங்களூரில் இரவு ஒன்பதரை. பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. கடற்கரைக் காபிக் கடை மூடியிருக்கும், கடலும் தெரியாது. ஓசை மட்டும் கேட்கும். குளிரூட்டிய அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, விடியற்காலம் வரை வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு அவன் விடை சொல்வான். விளம்பரப் படம் பகலில் எடுக்கப்பட்டது என்பதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். "அதை யோசிக்கவில்லை, மாமா" என்றான்.

நிறுவனத்தின் கணக்கு வேறு. அலுவலக வாடகை மிச்சம், மின்சாரம் மிச்சம், மதிய உணவு மிச்சம், வண்டி மிச்சம். பஞ்சாலையில் தறி முதலாளியுடையது, தரையும் முதலாளியுடையது. இங்கே மேசை, நாற்காலி, இணையக் கட்டணம், முதுகுவலிக்கு மருந்து எல்லாம் ஊழியர் செலவு. மாறாச் செலவின் ஒரு பகுதியைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயரும் வைத்து, அவனையே நன்றி சொல்லவும் வைத்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு உபதேசித்தார் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்டு டி நிறுவனத் தலைவர் அதை 90 ஆக்கினார். 2024 ஜூலையில் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கு 14 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்தம் முன்மொழியப்பட்டபோது, எதிர்த்து நின்றது கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம், மூத்த தோழர் கும்பல் என்று தள்ளிய அதே பிள்ளைகள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, கடற்கரையில் இருந்தவனும் பூங்கா வளாகத்தில் இருந்தவனும் ஒரே மின்னஞ்சலுக்குத்தான் அஞ்சினார்கள். ஒரு வேறுபாடு உண்டு. வளாகத்தில் இருந்தவன் பக்கத்து மேசையில் இருப்பவனின் முகத்தைப் பார்க்கலாம். தேநீர் இடைவேளையில் ஒரு சொல் பேசலாம். தீவில் இருப்பவனுக்குப் பக்கத்து மேசையில் வேறு நாட்டு, வேறு நிறுவன ஊழியர். பேச்சு வானிலை பற்றி இருக்கும். அலைச்சறுக்கு பற்றி இருக்கும்.

நம் இளைஞர்களில் நன்கு படித்த சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்கள். மார்க்சும் எங்கெல்சும் 'ஜெர்மானியச் சித்தாந்தம்' நூலில், ஒரே தொழிலோடு ஆயுள் முழுக்கக் கட்டப்பட்டிராத மனிதனைக் கற்பனை செய்யவில்லையா, இடத்திலிருந்து உழைப்பை விடுவிப்பது அதன் தொடக்கமில்லையா என்கிறார்கள். இல்லை. அங்கே பேசப்படுவது வேலைப் பிரிவினையின் ஒழிப்பு. இங்கே நடப்பதோ அப்பிரிவினையை ஒரு மேசைக்குள் சுருக்கி வைப்பது: ஒருவர் குறியீடு எழுதுவார், ஒருவர் காபி கொண்டுவருவார், ஒருவர் இரவில் மணலைப் பெருக்குவார். காபி கொண்டுவருபவர் பிற்பகலில் குறியீடு எழுதப் போவதில்லை. உழைப்பு இடத்திலிருந்து விடுபடவும் இல்லை. ஒருவரின் உழைப்பு நகர்வதற்காக இன்னும் நால்வரின் உழைப்பு அங்கேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

அப்படியானால் போகாதே என்பதா கட்சியின் நிலை? தனிமனிதனின் பயணச்சீட்டைப் பற்றிக் கட்சி தீர்மானம் போட வேண்டியதில்லை. பாலி மக்களும் வெளியாரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எதை எதிர்க்க வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். பெனோவா வளைகுடாவில் சுமார் 700 ஹெக்டேர் கடலைத் தூர்த்து உல்லாச நகரம் கட்டும் திட்டத்துக்கு 2013 முதல் எதிர்ப்புக் கிளம்பியது. மீனவர்கள், மாணவர்கள், இசைக் குழுக்கள், பிறகு மரபுவழிக் கிராம மன்றங்கள் ஒவ்வொன்றாக. ஆண்டுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 2014-இல் அதிபரின் ஆணையே திட்டத்துக்கு வழிவிட்ட பின்னும் விடவில்லை. 2019-இல் மீன்வளத் துறை அமைச்சகம் அவ்வளைகுடாவைக் கடல்சார் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. சங்கங்களைக் கொன்று புதைத்த தீவில் ஐம்பதாண்டு கழித்து எழுந்த இயக்கம் அது.

இதை எழுதும்போது என் மனம் நம் பக்கத்துத் தீவுகளுக்குப் போவதைத் தடுக்க முடியவில்லை. பாலியில் 1971-இல் வரைந்த பெருந்திட்டத்தின் சாயலை இலட்சத்தீவில் காண்கிறேன். மொத்தம் 32 சதுர கிலோமீட்டர் நிலம். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர், பெரும்பாலும் பழங்குடியினர். 2021-இல் அங்குள்ள நிர்வாகி கொண்டுவந்த வரைவு ஒழுங்குமுறை, 'வளர்ச்சி' என்ற பெயரில் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு அதிகாரம் தந்தது. குற்றமே இல்லாத தீவுக்குக் குண்டர் சட்ட வரைவும் கூடவே வந்தது. கரையிலிருந்த மீனவர் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. தீவு மக்கள் ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தார்கள். கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023-இல் சுகேலி, கட்மத் தீவுகளில் தாஜ் விடுதிகள் வரும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. 2024 ஜனவரி 3 அன்று கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கடலடி ஒளியிழைக் கம்பித் தடத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அடுத்த நாள் வெண்மணலில் நாற்காலி போட்டு அமர்ந்த அவருடைய படங்கள் நாடெங்கும் பரவின. ஒளியிழை, வெண்மணல், நாற்காலி. அந்தப் படத்தில் மடிக்கணினி ஒன்றுதான் இல்லை.

ஒளியிழையை நாம் எதிர்க்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் பாடம் கேட்க இணையமின்றித் தவித்தவர்கள் தீவுப் பிள்ளைகள். அது அவர்களுக்கு என்றோ வந்திருக்க வேண்டும். யாருக்காக, யாருடைய நிலத்தின் மேல் என்பதே கேள்வி. முதுகலை வகுப்பில் நெய்தல் திணையைப் படித்தபோது ஆசிரியர் வலியுறுத்தியது நினைவிருக்கிறது: சங்கப் புலவனின் கடற்கரை ஒரு வேலைக்களம். வலை காயும், மீன் உலரும், உப்பு விளையும். தலைவி காத்திருக்கும்போதும் அவளைச் சுற்றி யாரோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். இலட்சத்தீவில் இன்றும் அதுவே உண்மை. தூண்டிலால் சூரை பிடித்து, வேகவைத்து, புகையூட்டிக் காயவைத்து நாம் மாசிக் கருவாடு என்று வாங்குவதைச் செய்கிறார்கள். அதற்குக் கரை வேண்டும். படகை ஏற்றிவைக்க, கருவாடு பரப்ப, கொட்டகை போட. கரையை 'வெற்றிடம்' என்று காட்டும் வரைபடம் முதலில் அழிப்பது அந்த வேலைக்களத்தை. அலைக்கு நேர் எதிரே நாற்காலி போட இடம் கிடைக்கிறது என்றால், அங்கே முன்பு என்ன காய்ந்துகொண்டிருந்தது என்று கேட்கும் பழக்கம் நம் உறுப்பினர்களுக்காவது வர வேண்டும்.

குறிப்பின் பதினோராம் பக்கத்தில் என் யோசனைகளாக மூன்றைச் சேர்த்து அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளன் அப்படிச் செய்வது முறையன்று என்று அறிந்தே செய்தேன். வேலை நேரம் முடிந்தபின் ஊழியரைத் தொடர்புகொள்ள நிறுவனத்துக்குத் தடை. வெளியிலிருந்து வேலை செய்யும்போது ஆகும் செலவை நிறுவனமே ஏற்றல். இவ்விரண்டும் போர்ச்சுகலில் 2021 இறுதியிலேயே சட்டமாகியுள்ளன. மூன்றாவது, ஐ.டி. ஊழியர் சங்கமும் விடுதி ஊழியர் சங்கமும் சுற்றுலாத் தலங்களில் சேர்ந்து நடத்தும் கூட்டங்கள். கோவாவில் தொடங்கலாம், அங்கே ஒரே கூரையின் கீழ் இரு தரப்பாரும் இருக்கிறார்கள், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல். மூன்றாவது யோசனை நடைமுறைக்கு உதவாது என்று பதில் வந்திருக்கிறது. விவாதிக்க வேண்டும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு 'நாடோடி' என்று நான் எழுதவில்லை. 'இடம்விட்டு இடம் சென்று கணினிவழி வேலை செய்யும் ஊழியர்' என்று நீட்டி எழுதினேன். அச்சுக்கோப்பவர் வரி நீள்கிறது என்று குறைபட்டார். ஊழியர் என்ற சொல் மட்டும் போகக் கூடாது, மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

பையன் இன்னும் பயணச்சீட்டு எடுக்கவில்லை. தாமான் 65 எங்கே இருக்கிறது, போனால் உள்ளே விடுவார்களா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பெங்களூர்ச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தையும் வாங்கியிருக்கிறான். நிரப்பிக் கொடுத்தானா என்று இந்த வாரம் கேட்க வேண்டும்.